கோப்புகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது

‘தொழிலாளர்’ என்ற சொல் இரண்டாக முறிந்து கிடந்தது. ஒரு வரியின் கடைசியில் தகரம் மட்டும் தனித்து நின்றது. அடுத்த வரியின் தொடக்கத்தில், புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டத்துக்கு இடப்பக்கம் ஒற்றைக்கொம்பும் வலப்பக்கம் துணைக்காலும் ஒட்டிக்கொண்டிருக்க, அதற்குப் பிறகு ‘ழிலாளர்’ என்று மீதிச் சொல் வந்தது. அந்தத் தாளை என் மேசையில் கொண்டுவந்து வைத்தவர், பல ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்துவந்த ஓர் அம்மா. “தம்பி, இந்தக் கொம்பும் காலும் எழுத்தே இல்லாம எப்படி நிக்குது?” என்று கேட்டார். அவருடைய கணினியில் எழுத்துரு சரியாக நிறுவப்படவில்லை போலும் என்றுதான் முதலில் நினைத்தேன். கோப்பைத் திறந்து பைட் பைட்டாகப் பார்த்தபோது, தகரத்துக்கும் ஒகரக் குறிக்கும் நடுவே ஒரு வரிமுறிவு உண்மையிலேயே உட்கார்ந்திருந்தது. அதை அங்கே வைத்தது நான் எழுதிய புரோகிராம்.

செய்யவேண்டியிருந்த வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஒரு பத்திரிகை அலுவலகத்தின் கட்டுரைக் களஞ்சியம் ஆரக்கிள் தரவுத்தளத்தில் இருந்தது. சுமார் 40,000 கட்டுரைகளின் முழு உரையும் ஓர் அட்டவணையில், நீண்ட உரைக்கான ‘கிளாப்’ வகை நெடுவரிசையில் இருந்தது. அவை ஒவ்வொன்றையும் தனித்தனி உரைக்கோப்பாக, யூனிகோட் உரையைப் பைட்டுகளாக எழுதும் பொதுமுறையான யூடிஎஃப்-8 வடிவில், வெளியே எடுத்துத் தரவேண்டும். பழைய மென்பொருளை நிறுத்திவிடப் போகிறார்கள். இன்னும் இருபது ஆண்டு கழித்து எவரேனும் அந்தக் கட்டுரையைத் தேடினால், எந்த மென்பொருளின் தயவும் உரிமக் கட்டணமும் இல்லாமல் திறந்து படிக்க முடியவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஆரக்கிளின் டேட்டா பம்ப் கருவியால் ஓர் இரவுக்குள் எல்லாவற்றையும் ஒரே டம்ப் கோப்பாக எடுத்துவிடலாம். ஆனால் அந்தக் கோப்பைத் திரும்பப் படிக்க ஆரக்கிளேதான் வேண்டும். ஆகவே அது இந்த வேலைக்கு உதவாது.

கிளாப் என்பது ‘கேரக்டர் லார்ஜ் ஆப்ஜெக்ட்’ என்பதன் சுருக்கம். குறுகிய உரைக்கான சாதாரண வார்ச்சார்2 நெடுவரிசையின் வழக்கமான உச்சவரம்பு 4000 பைட். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்வதால், அதில் 1,333 குறியீடுகளே அடங்கும்; ஒரு தலையங்கத்துக்குக்கூட அது போதாது. நீண்ட உரைக்கு முற்காலத்தில் ‘லாங்’ என்றொரு வகை இருந்தது. ஓர் அட்டவணைக்கு ஒன்றுதான், அதிலும் பல கட்டுப்பாடுகள். 1997இல் வெளிவந்த ஆரக்கிள் 8 பதிப்பில் உரைக்குக் கிளாப், வெறும் பைட்டுகளுக்குப் பிளாப் என்ற வகைகள் வந்தன. கிளாப்பில் சிறிய உரை, ஏறத்தாழ 4000 பைட்டுக்குள், பதிவோடு பதிவாகவே தங்கிவிடும். அதைவிடப் பெரிதானால் உரை வேறிடத்துக்குப் போய்விடும். பதிவில் இருப்பது லொக்கேட்டர் எனப்படும் ஒரு முகவரி மட்டுமே. நூலகத்தில் புத்தகத்துக்குப் பதில் அது இருக்கும் அலமாரி எண்ணை எழுதிய சீட்டைக் கையில் தருவதைப் போன்றது இது. சீட்டைக் கொண்டுபோய், புத்தகத்தைத் துண்டு துண்டாகத்தான் வாங்கிவர வேண்டும். வெளியே எடுக்கும் வேலையின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்தத் ‘துண்டு’ என்ற சொல்லில்தான் இருக்கின்றன, ஏனென்றால் துண்டின் நீளத்தை எதைக்கொண்டு அளப்பது என்பதில் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். படிக்கிறவர் கண்ணுக்கு அது மூன்று எழுத்து. யூனிகோடுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. யூடிஎஃப்-8 கோப்பில் அது 15 பைட். தரவுத்தளத்தின் கேரக்டர் செட், அதாவது உரையின் குறியேற்றம், யூடிஎஃப்-8க்கு ஆரக்கிள் வைத்த பெயரான ‘ஏஎல்32யூடிஎஃப்8’ ஆக இருந்தாலும், கிளாப்புக்குள் மட்டும் ஆரக்கிள் அதைக் குறியீட்டுக்கு இரண்டு பைட் வீதம் யூடிஎஃப்-16 வடிவில் வைத்துக்கொள்கிறது. ஆகவே அங்கே 10 பைட். மூன்று, ஐந்து, பதினைந்து, பத்து என்ற இந்த நான்கு எண்களும் ஒரே சொல்லின் நீளங்கள்தாம். ஆங்கில உரையில் எழுத்தும் குறியீடும் யூடிஎஃப்-8 பைட்டும் ஒன்றாகவே இருந்துவிடுவதால், அதை வைத்துச் சோதித்துப் பார்த்த புரோகிராம் எல்லாவற்றையும் சரியாகச் செய்வதுபோலவே தோன்றும். தமிழ் உள்ளே போனவுடன் தையல் பிரிகிறது. கோப்புகளுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தரவுத்தளத்தில் கிளாப் பிடித்திருந்த இடத்தை வைத்து நான் போட்ட கணக்கும் இதனால்தான் தவறிப்போனது. இரண்டு பைட் மூன்றானபோது உரையின் அளவு ஒன்றரை மடங்கானது.

முதல் முயற்சி, எல்லோரும் செய்வதுபோல, ஆரக்கிளுக்குக் கட்டளை தரும் கருவியான எஸ்க்யூஎல் பிளஸ்ஸில் ஸ்பூல் கட்டளை. அது ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் 80 குறியீடுகளை மட்டும் தந்துவிட்டு நின்றது. ‘செட் லாங்’ என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 80 என்பதும், அதைத் தாண்டியதை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அந்தக் கருவி விட்டுவிடும் என்பதும் பழகியவர்களுக்குத் தெரியும். புதியவர்களை அது கட்டாயம் ஒருமுறை ஏமாற்றும். மதிப்பை உயர்த்திய பிறகு உரை முழுதும் வந்தது, ஆனால் வரி அகலத்துக்கு ஏற்ப ஒடிக்கப்பட்டு, வரிக்கடைசிகளில் வெற்றிடங்கள் நிரப்பப்பட்டு வந்தது. இதையே இன்னொரு விண்டோஸ் கணினியிலிருந்து ஓட்டியபோது, அங்கே கணினியின் குறியேற்றத்தை ஆரக்கிளுக்குச் சொல்லும் ‘என்எல்எஸ்_லாங்’ அமைப்பு மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தில் இருந்ததால், தமிழ் முழுவதும் தலைகீழ்க் கேள்விக்குறிகளாக வந்து விழுந்தது. ஸ்பூல் என்பது திரையில் தெரிவதைப் பிடித்துவைக்கும் கருவி. உரையை அப்படியே எடுத்துவைக்கும் பொறுப்பை அதன்மேல் சுமத்துவது சரியில்லை என்று அதைக் கைவிட்டேன்.

அடுத்து யூடிஎல்_ஃபைல். ஆரக்கிளின் சொந்த நிரல்மொழியான பிஎல்/எஸ்க்யூஎல் புரோகிராமுக்குள்ளிருந்தே கோப்பு எழுத ஆரக்கிள் தரும் தொகுப்பு இது. இதைப் பயன்படுத்துகிறவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய செய்தி, கோப்பு எழுதப்படுவது நம் கணினியில் அல்ல, தரவுத்தளம் ஓடும் சர்வரில் என்பது. தரவுத்தளத்துக்குள் ‘டைரக்டரி’ என்றொரு பொருளை உருவாக்கி, சர்வரில் உள்ள ஒரு ஃபோல்டரை அதற்குக் காட்டி, எழுதும் உரிமையைக் குறிப்பிட்ட பயனருக்கு மட்டும் தரவேண்டும். முன்பு ‘யூடிஎல்_ஃபைல்_டிர்’ என்ற பொது அமைப்பில் ஒரு பாதையைப் போட்டுவிட்டால் அந்தத் தரவுத்தளத்தில் உள்ள எவரும் அங்கே எழுதலாம் என்ற நிலை இருந்தது. ஆரக்கிள் 18சி பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், நல்லதே செய்தார்கள். எழுதப்பட்ட கோப்புக்கு உரிமையாளராக இருப்பது சர்வரில் ஆரக்கிள் ஓடும் கணக்கு. கோப்பு உருவாகிவிட்டது, ஆனால் என்னால் அதைத் திறக்க முடியவில்லை என்ற நிலையில் அரைநாள் கழிந்தது. சர்வர் நிர்வாகியிடம் முன்கூட்டியே பேசி, ஒரு பொதுக் குழுவை அமைத்து, ஃபோல்டருக்குச் சரியான அனுமதி வாங்கியிருந்தால் அந்த அரைநாள் மிஞ்சியிருக்கும்.

இனி அந்த முறிந்த சொல்லுக்கு வருகிறேன். என் புரோகிராம் ஒவ்வொரு கட்டுரையையும் 4000 குறியீடு கொண்ட துண்டுகளாக வாங்கி, ‘புட்_லைன்’ என்ற கட்டளையால் கோப்பில் எழுதியது. புட்_லைன் தன் பெயருக்கேற்ப, எழுதியதன் பின்னால் ஒரு வரிமுறிவையும் சேர்த்துவிடும். ஆகவே ஒவ்வொரு 4000ஆம் குறியீட்டுக்குப் பிறகும், ஆசிரியர் வைக்காத ஒரு வரிமுறிவு கட்டுரைக்குள் புகுந்தது. அந்த 4000ஆம் இடம் ஒரு வாக்கியத்தின் முடிவிலா, ஒரு சொல்லின் நடுவிலா, ஓர் உயிர்மெய்யின் உடலுக்கும் உயிருக்கும் நடுவிலா என்பது புரோகிராமுக்குத் தெரியாது. ‘தொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடுக்கு அது தகரம், ஒகரக் குறி என்ற இரண்டு குறியீடு. அந்தக் கட்டுரையில் 4000ஆம் குறியீடு தகரமாக இருந்தது, 4001ஆவது ஒகரக் குறியாக இருந்தது. தனித்து நின்ற குறிக்கு உடல் இல்லாததால் கணினி ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டுக் காட்டியது. இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் அந்த முறிவு விழுந்திருந்தால் அந்த அம்மாவின் கண்ணிலும் அது பட்டிருக்காது. கட்டுரையில் ஒரு புதிய பத்தி தொடங்குகிறது என்றே எல்லோரும் படித்திருப்போம்.

புட்_லைன் கட்டளையை எடுத்துவிட்டு, முறிவு சேர்க்காத ‘புட்’ கட்டளையைப் போட்டேன். ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் எழுதக் காத்திருக்கும் தாங்கலைக் கோப்புக்குள் தள்ளிவிடும் ‘எஃப்ஃப்ளஷ்’ கட்டளையையும் சேர்த்தேன். கோப்பைத் திறக்கும்போது வரியின் உச்ச நீளமாக 32767 பைட் தந்திருந்தேன். அதைச் சொல்லாவிட்டால் 1024 பைட்டோடு நின்றுவிடும். இரவு ஓட்டினேன். காலையில் அட்டவணையில் இருந்த பதிவுகளின் எண்ணிக்கையையும் ஃபோல்டரில் இருந்த கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றே. வேலை முடிந்தது என்று எழுதி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அதே அம்மா, வேறொரு தாளோடு வந்தார். ஒரு நீண்ட நேர்காணல். “இதுல கேள்வி இருக்கு, பதில் பாதியோட நிக்குது. அடுத்த பக்கம் எங்க தம்பி?” என்றார். அடுத்த பக்கம் தரவுத்தளத்தில் இருந்தது, கோப்பில் இல்லை.

நடந்தது இதுதான். அந்த நேர்காணல் இணையத்துக்காக எச்டிஎம்எல் குறிகளோடு உள்ளிடப்பட்டது. பத்தி பிரிப்புகள் எல்லாம் எச்டிஎம்எல் குறிகளாக இருந்தனவே தவிர, உரைக்குள் உண்மையான வரிமுறிவு ஒன்றுகூட இல்லை. முழு நேர்காணலும் தொழில்நுட்ப அளவில் ஒரே வரி. உரை முறையில் திறக்கப்பட்ட கோப்பில் யூடிஎல்_ஃபைல் ஒரு வரிக்கு 32767 பைட்டுக்குமேல் ஏற்காது. தமிழில் அது 10,922 குறியீடு. அதைத் தாண்டியவுடன் ‘ஓஆர்ஏ-29285’ என்ற எழுதுபிழை எழுந்தது. எழுந்த பிழையை என் புரோகிராம் விழுங்கிவிட்டது. 40,000 கட்டுரைகளில் ஏதோ ஒன்று சிக்கினால் இரவு முழுவதும் ஓடவேண்டிய வேலை நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று, எந்தப் பிழை வந்தாலும் ஒன்றும் செய்யாமல் அடுத்த கட்டுரைக்குப் போ என்று எழுதிவைத்திருந்தேன். பிஎல்/எஸ்க்யூஎல் எழுதுகிறவர்கள் அனைவருக்கும் தெரிந்த அந்த ‘வென் அதர்ஸ் தென் நல்’ என்ற வரி. பிழை வருவதற்கு முன்பே கோப்பு உருவாகி, முதல் சில துண்டுகளும் எழுதப்பட்டிருந்தன. ஆகவே கோப்பு இருந்தது. அதற்குள் கட்டுரையின் தொடக்கமும் இருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது.

இதைப் பற்றி நான் நெடுநேரம் யோசித்தேன். முறிந்த ‘தொழிலாளர்’ கண்ணுக்குத் தெரிந்த காயம். உரை அதில் எதையும் இழக்கவில்லை, ஒரு முறிவைக் கூடுதலாகப் பெற்றது, அவ்வளவே. நேர்காணலுக்கு நடந்தது அப்படிப்பட்டதல்ல. ஒரு மனிதர் மணிக்கணக்கில் உட்கார்ந்து சொன்ன பதில்களின் பிற்பாதி, மூல மென்பொருளை நிறுத்திய மறுநாளே இல்லாமல் போயிருக்கும். அது இல்லாமல் போனது என்பதும் யாருக்கும் தெரிந்திருக்காது. எத்தனை கோப்புகள் என்று எண்ணுவது, எத்தனை உறைகள் என்று எண்ணுவதைப் போன்றது. உறைக்குள் கடிதம் முழுதாக இருக்கிறதா என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு முறையையே மாற்றினேன். உரையை உரையாகத் துண்டாக்குவதை விட்டுவிட்டு, முதலில் முழுக் கட்டுரையையும் பைட்டுகளாக மாற்றிவிடுவது, பிறகு பைட்டுகளைத் துண்டாக்குவது. ‘டிபிஎம்எஸ்_லாப்’ தொகுப்பில் ‘கன்வர்ட் டு பிளாப்’ என்றொரு செயல்முறை இருக்கிறது. எந்தக் குறியேற்றத்துக்கு மாற்றவேண்டும் என்பதை எண்ணாகக் கேட்கும், ஏஎல்32யூடிஎஃப்8க்கு அந்த எண் 873. அது தரும் பிளாப்பை 32767 பைட் துண்டுகளாக வாங்கி, பைட் முறையில் திறந்த கோப்பில் ‘புட்_ரா’ கட்டளையால் எழுதவேண்டும். இங்கே துண்டு எங்கே விழுந்தாலும் கவலையில்லை. ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளில் இரண்டாவதற்குப் பிறகு விழுந்தாலும், அடுத்த துண்டின் முதல் பைட் அதன் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும், நடுவில் எவரும் எதையும் செருகமாட்டார்கள். வரி என்ற கருத்தே பைட் முறையில் இல்லாததால், வரி நீளத்தின் உச்சவரம்பும் குறுக்கே வருவதில்லை. இந்த வேலையை ஒரே அழைப்பில் செய்யும் ‘கிளாப்2ஃபைல்’ என்ற ஆயத்தச் செயல்முறையும் உண்டு. முன்பு அது எக்ஸ்எஸ்எல் தொடர்பான ஒரு தொகுப்புக்குள் இருந்தது, பிற்காலப் பதிப்புகளில் டிபிஎம்எஸ்_லாப்புக்கே வந்துவிட்டது. அவசரமில்லாத சிறிய வேலைக்கு அதுவே போதும். எனக்கு ஒவ்வொரு படியையும் பார்த்துக்கொண்டே போகவேண்டியிருந்ததால் நீண்ட வழியையே தேர்ந்தேன். கன்வர்ட் டு பிளாப், மாற்ற முடியாத குறியீடு எதையாவது சந்தித்தால் எச்சரிக்கை மதிப்பு ஒன்றைத் திருப்பித் தரும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பார்க்கவேண்டும்.

இந்த வழியில் ஒரு கவனம் தேவை. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு தற்காலிக லாப் (கிளாப், பிளாப் இரண்டுக்கும் பொதுப்பெயர்) உருவாகிறது. லூப்பின் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதை விடுவிக்காவிட்டால் தற்காலிக இடம் நிரம்பிக்கொண்டே போய், சில ஆயிரம் கட்டுரைகளுக்குப் பிறகு ‘ஓஆர்ஏ-01652’ என்ற இடப்பற்றாக்குறைப் பிழை வந்து நிற்கும். ‘வி$டெம்பரரி_லாப்ஸ்’ என்ற பார்வையில் நம் அமர்வுக்கு எத்தனை தற்காலிக லாப்கள் திறந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளலாம். பிழை வந்து தாவும் பாதையிலும் விடுவிப்பு நடக்கிறதா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். பிழையை விழுங்கும் வரியை எடுத்துவிட்டு, பிழை எண்ணையும் கட்டுரை எண்ணையும் ஒரு தனி அட்டவணையில் எழுதி, திறந்த கோப்பை மூடி, தற்காலிக லாப்பை விடுவித்து, அதற்குப் பிறகே அடுத்த கட்டுரைக்குப் போகும்படி செய்தேன். இரவு வேலை நிற்கவும் இல்லை, எதுவும் மறைக்கப்படவும் இல்லை.

இரண்டாம் இரவு நடுநிசிக்குமேல் பழைய வடிவம் கிடைக்கவில்லை என்னும் ‘ஓஆர்ஏ-01555’ பிழை வந்தது, கூடவே ‘ஓஆர்ஏ-22924’. இரவுப் பணியில் இருந்த ஆசிரியர் குழு பழைய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தது. நம் வினவல் தொடங்கிய நேரத்தில் கட்டுரை எப்படி இருந்ததோ அப்படியே காட்ட ஆரக்கிள் முயலும். லாப்களின் பழைய வடிவங்களை அது மற்றத் தரவுகளைப்போல, மாற்றத்துக்கு முந்தைய மதிப்புகளைக் காக்கும் அன்டூ பகுதியில் வைப்பதில்லை, லாப் இருக்கும் இடத்திலேயே ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிறது. அந்தப் பங்கு தீர்ந்தால் பழைய வடிவம் அழிந்துவிடும். ஒதுக்கீட்டை உயர்த்தலாம். நான் ஆசிரியரிடம் பேசி, இரண்டு இரவுகளுக்கு அந்த அட்டவணையைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும் நிலையில் வைத்துக்கொண்டேன். எப்படியும் நிறுத்தப்போகிற மென்பொருளில் திருத்தங்களைத் தொடர்வது எந்தப் பிரதியை இறுதியானது என்று கொள்வது என்ற குழப்பத்தையே வளர்க்கும் என்று சொன்னபோது அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

கோப்புகளுக்குக் கட்டுரைத் தலைப்பையே பெயராக வைக்கவேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்தது. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயரின் உச்ச நீளம் 255 பைட். தமிழில் 85 குறியீடு. நம் தலைப்புகளில் பல அதைத் தாண்டும்; ஒரே தலைப்பில் பல கட்டுரைகளும் உண்டு. கட்டுரை எண்ணையே பெயராக்கி, ஆண்டுவாரியாக ஃபோல்டர் பிரித்து, எண், தலைப்பு, ஆசிரியர், வெளியான நாள், குறியீட்டு நீளம், பைட் நீளம் ஆகியவற்றோடு ஒரு பட்டியல் கோப்பையும் எழுதினேன். உரையே இல்லாத பதிவுகளிலும் இரண்டு வகை இருந்தன: மதிப்பே இல்லாத நல், இருந்தும் நீளம் சுழியமான வெற்று கிளாப். ஆரக்கிளில் இவை இரண்டும் ஒன்றல்ல. வெற்று கிளாப்புக்கு வெற்றுக் கோப்பு. நல் பதிவுக்குக் கோப்பே இல்லை, பட்டியலில் குறிப்பு மட்டும்.

பிறகு, முதலிலேயே நான் செய்திருக்க வேண்டிய சோதனை. எழுதி முடித்த ஒவ்வொரு கோப்பையும், தரவுத்தளத்துக்கு வெளியே உள்ள கோப்பைச் சுட்டும் ‘பிஃபைல்’ ஆகத் திறந்து, ‘லோட் கிளாப் ஃப்ரம் ஃபைல்’ மூலம் அதே குறியேற்றத்தில் ஒரு தற்காலிக கிளாப்புக்குள் திரும்ப ஏற்றி, மூலத்தோடு ‘கம்பேர்’ செயல்கூற்றால் ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றானால் அது 0 தரும். ஒரு கோப்பில் ஒரே ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் 0 வராது. இதற்கு எழுதுவதற்கு ஆன அளவுக்கு நேரம் ஆனது. அந்த நேரத்தைப் பற்றி எவரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

முதல் ஒப்பீட்டில் 3 கட்டுரைகள் 0 தரவில்லை. மூன்றின் முடிவிலும் ஒரே கோளாறு: உரையின் கடைசியில், யூடிஎஃப்-8ஆக மாற்ற முடியாத ஒரு குறியீட்டு அலகு. இதைப் புரிந்துகொள்ள மேலே சொன்ன நான்கு கணக்குகளோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கவேண்டும். தமிழ் எழுத்துகள் யூனிகோடின் அடிப்படைத் தளத்தில் இருப்பதால் யூடிஎஃப்-16இல் இரண்டு பைட் கொண்ட ஓர் அலகில் அடங்கிவிடும். அதற்கு மேலுள்ள தளங்களில் இருப்பவற்றுக்கு, முகக்குறிகளை (இமோஜி) போன்றவற்றுக்கு, இரண்டு அலகுகள் இணையாக வேண்டும். நீளம் கேட்டால் கிளாப் அதை 2 என்றே சொல்லும். ஒரு காலத்தில் இயங்கிய வேறொரு நிரல், நீண்ட உரைகளை ஒரு குறிப்பிட்ட அலகோடு வெட்டிச் சேமித்திருக்கிறது. வெட்டு ஒரு முகக்குறியின் இரண்டு அலகுகளுக்கு நடுவே விழுந்திருக்கிறது. இணையிலிருந்து பிரிந்த ஒற்றை அலகுக்குத் தனியே பொருளில்லை, அதை எந்தக் கோப்பிலும் முறையாக எழுத முடியாது.

முகக்குறிதானே என்று விட்டுவிடுகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். 2019இல் வெளிவந்த யூனிகோட் 12.0 பதிப்பில் தமிழுக்கு 51 குறியீடுகள் கொண்ட ஒரு துணைத்தொகுதி கிடைத்தது. முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, தொடங்கி நம் பழைய பின்னங்களும் அளவைக் குறிகளும் அதில் இருக்கின்றன. கல்வெட்டையும் ஓலைக் கணக்கையும் பற்றி எழுதுகிறவர்களுக்கு அவை வேண்டும். அவை இருப்பது மேல்தளத்தில். யூடிஎஃப்-8இல் 4 பைட், யூடிஎஃப்-16இல் இரண்டு அலகு. களஞ்சியத்தில் பழைய அளவைகள் பற்றிய ஒரு கட்டுரையில் அந்த முந்திரிக் குறி வந்திருந்தது. என் முதல் புரோகிராமின் 4000ஆம் இடம் அதன் நடுவே விழுந்திருந்தால், அந்தக் குறி இரண்டு பாதியாகப் பிரிந்து, இரண்டும் பொருளற்ற மாற்றுக்குறிகளாகிப் போயிருக்கும். விழவில்லை, அது என் திறமையால் அல்ல.

யூனிகோடுக்கு முந்தைய கட்டுரைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். களஞ்சியத்தின் மிகப் பழைய பகுதியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை அப்படியே இருந்தன. அங்கே ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எடுக்கும்போதே யூனிகோடாக மாற்றிவிடலாமே என்றார்கள். நான் மறுத்தேன். ஒரே படியில் எடுப்பதையும் மாற்றுவதையும் சேர்த்துச் செய்தால், பிற்பாடு ஒரு பிழை தென்படும்போது அது மூலத்திலேயே இருந்ததா, எடுக்கும்போது வந்ததா, மாற்றும்போது வந்ததா என்று சொல்ல முடியாது; மூலத்தோடு ஒப்பிடும் கம்பேர் சோதனையும் பயனற்றுப் போகும். மேலும், ஒரே கட்டுரைக்குள் உண்மையான ஆங்கிலச் சொற்களும் பாமினி உரையும் கலந்திருந்தன. எது எது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க முடியும். இருப்பதை இருப்பதுபோலவே முதலில் வெளியே கொண்டுவந்து, பத்திரமாக ஒரு பிரதி வைத்துக்கொண்டு, மாற்றத்தை அடுத்த வேலையாக வைத்தோம்.

இதையெல்லாம் வெளியிலிருந்து பைத்தானில் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்யலாம், சர்வரில் எழுதும் உரிமை கிடைக்காத இடங்களில் அதுவே நல்ல வழி. பைத்தான்-ஆரக்கிள்டிபி நூலகத்தில் லாப்களை லொக்கேட்டராக வாங்காமல் நேரடியாகச் சரமாக வாங்கும் ஓர் அமைப்பு இருக்கிறது; அதைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு கட்டுரைக்கும் சர்வருக்குத் திரும்பத் திரும்பப் போய்வரும் நடை குறைந்து வேகம் பெரிதும் கூடும். ஆனால் கோப்பைத் திறக்கும் வரியில் குறியேற்றத்தை வெளிப்படையாக எழுதவேண்டும், வரிமுறிவுகளை மாற்றாதே என்றும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பைட் கூடிவிடும். மற்றத் தரவுத்தளங்களிலும் பெயர்கள்தாம் வேறு. மைஎஸ்க்யூஎல்லில் ‘இன்டூ அவுட்ஃபைல்’ வரிமுறிவுகளுக்கு முன்னால் பின்சாய்வுக்கோடு சேர்க்கும், ‘இன்டூ டம்ப்ஃபைல்’ எதையும் சேர்க்காமல் ஒரே பதிவை அப்படியே எழுதும். போஸ்ட்கிரெஸ்ஸின் ‘காப்பி’ கட்டளையும் உரை வடிவில் வரிமுறிவைப் பின்சாய்வுக்கோடும் ஓர் எழுத்துமாக மாற்றிவிடும். திரும்ப அதே தரவுத்தளத்தில் ஏற்றுவதற்கு அவை சரியானவை. மனிதர் படிப்பதற்கான கோப்புக்குச் சரியானவை அல்ல.

மூன்று கட்டுரைகளுக்கும் என்ன செய்வது என்று அந்த அம்மாவோடும் ஆசிரியரோடும் உட்கார்ந்து பேசினோம். பழைய அச்சுப் பிரதிகளை எடுத்துப் பார்த்ததில், இரண்டில் வெட்டப்பட்டது வாசகர் கடிதத்தின் முடிவில் இருந்த முகக்குறி மட்டுமே. அச்சில் அது வரவே இல்லை. மூன்றாவதில் முகக்குறிக்குப் பிறகும் இரண்டு பத்திகள் இருந்தன. அவை தரவுத்தளத்தில் எப்போதோ தொலைந்துவிட்டவை, என் புரோகிராம் தொலைத்தவை அல்ல. அம்மா அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு பத்திகளையும் தட்டச்சு செய்தார். அவற்றைக் கட்டுரைக் கோப்போடு சேர்க்காமல், அதே எண்ணில் ‘அச்சிலிருந்து’ என்ற பின்னொட்டோடு தனிக் கோப்பாக வைத்து, பட்டியலில் நாளைக் குறித்தேன். வட்டை ஒப்படைப்பதற்கு முன் நேர்காணலின் கோப்பையும் அவரிடம் திறந்து காட்டினேன். கடைசிக் கேள்விக்கான பதிலைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, தாளின் ஓரத்தில் தம் வழக்கப்படி ஒரு சிறு சரிக்குறி போட்டார்.